வீட்டை விட்டு நகர முடியாதவன் இயற்கைப் படம் எடுக்க முடியுமா? (பக்தி பற்றியும் ஒரு கேள்வி)

மாடிவீட்டுக்காரன்:

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவருக்குப் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாது. முன்பெல்லாம் மழை விட்டதும் நண்பர்களோடு வால்பாறை, டாப்ஸ்லிப் என்று கிளம்பிவிடுவேன். ஒரு இருவாச்சிப் பறவை பழ மரத்துக்கு வருமா என்று பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பேன். இப்போது கேமரா பீரோவுக்குள் கிடக்கிறது.

என்னிடம் இருப்பது கேனன் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8. தூரத்துக்கு வைத்திருந்த 55-250ஐ ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டேன். புது லென்ஸ் வாங்கும் நிலை இல்லை. வீட்டைச் சுற்றி இரண்டு தென்னை, ஒரு கறிவேப்பிலை, வாசலில் அரளி வரிசை, மாடியில் துளசித் தொட்டி. எதிரே காலி மனை, அதில் எருக்கும் சீமைக்கருவேலமும்தான். வேறு எதுவும் இல்லை. இதில் எடுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. காட்டில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி ஓர் உணர்வு வரும். கோயிலில்கூட அப்படி வந்ததில்லை. இப்போது விளக்கேற்றுகிறேன், விபூதி பூசுகிறேன், எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. உங்களில் யாருக்காவது வீட்டுப் பக்கத்திலேயே படம் எடுத்து அந்த உணர்வு வந்திருக்கிறதா? கிண்டல் செய்யாமல் சொல்லுங்கள்.

தாமிரபரணி நடை:

பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம். முதலில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், அதனால் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வோம். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்ட ஒரு கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று பேர் வைத்து, அதில் கருப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்த மனிதர். சென்னையில் வீட்டோரத்துக் காக்கையையும் அணிலையும்கூட அதே அக்கறையோடு கவனித்து எழுதியவர்.

50 எம்எம்மை வைத்துக்கொண்டு பறவை எடுக்கப் போனால் வானத்தில் ஒரு புள்ளிதான் கிடைக்கும். அதனால் பறவையைப் பார்க்க மட்டும் செய்யுங்கள். மாடியில் 15 நிமிடம் நின்று பார்த்ததையெல்லாம் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலாகப் போடலாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் உலக அளவில் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் அந்த 15 நிமிடத்தைத்தான் கேட்கின்றன. உங்கள் நிலைமைக்குச் சரியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுச் செடியில் தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும், தேன்சிட்டு வராந்தாக் கொடிக் கயிற்றில்கூடத் தொங்கவிடும். பக்கத்தில் இருக்கிறதே என்று அதன் மேல் பாயாதீர்கள். மறைக்கிற இலையை ஒதுக்கிவிட்டு எடுத்தால் காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும்.

சாமி விஷயம் எனக்கு விளக்கத் தெரியாது. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் முன்னால் மாடியில் கொஞ்ச நேரம் நிற்பேன், அவ்வளவுதான். பூச்சி பற்றியும் நமக்கு ஞானம் குறைவு. கொல்லைப்புறம் அக்கா வருவார்கள், இருங்கள்.

கொல்லைப்புறம்:

தம்பி, நான் சிதம்பரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், இரண்டு முட்டியும் தேய்ந்தவள். எங்கள் ஊருக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நேரே பிச்சாவரம் போய்ப் படகில் ஏறுவார்கள். ஊருக்குப் பேர் கொடுத்த தில்லை மரத்தையே இப்போது அங்கேதான் பார்க்க முடிகிறது, அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் படகில் ஏறி இறங்க முடியாது. கொல்லைக்குத்தான் போகிறேன்.

உங்கள் பட்டியலைப் படித்துச் சிரித்துவிட்டேன். அரளி, எருக்கு, துளசி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் இல்லை என்கிறீர்கள்! பூஜைக்கென்று நாம் வைக்கிற செடிகளில் பல, ஏதோ ஒரு பூச்சியின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றும் ஒரே குடும்பம்; எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். அதன் புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். எருக்குக்கு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி. நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு இருக்கும், முன்பக்கத்தில் இரண்டு நீலக் கண் வரைந்த மாதிரி. அது இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் பிள்ளை, அரளியையும் தின்னும்.

அரளிக்கு இன்னொருவர் இருக்கிறார், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி. எனக்கு இதெல்லாம் ஆரம்பித்ததே அவரால்தான்.

என் பூஜை என்ன லட்சணத்தில் இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா காலத்துப் பழக்கம், விடிந்ததும் பூப்பறித்து விளக்கேற்றிப் பதிகம் சொல்வது. வாய் பதிகம் சொல்லும், மனசு பால் கணக்குப் பார்க்கும். கோயிலுக்குப் போனாலும் ஒரு பட்டியலோடுதான் போவேன்: மகனுக்கு வேலை, முட்டி வலி, நிலத்து வழக்கு. தீபாராதனை முடிவதற்குள் பட்டியலைச் சொல்லி முடிக்க வேண்டுமே என்ற அவசரம் வேறு. நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒட்டவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அரளியில் பூ குறைந்துபோனது. பார்த்தால் துளிரெல்லாம் கடிபட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மருந்தடிக்கச் சொல்லி டப்பாவையும் கையில் கொடுத்தார். எந்தப் பூச்சி என்று உரக்கடையில் காட்டிக் கேட்கலாமே என்று மகன் விட்டுவிட்டுப் போன கேமராவை எடுத்துக்கொண்டு குனிந்தேன். திரையில் பெரிதாக்கினால் வெள்ளையும் கருப்புமாக வளையம் வளையமாக ஓர் உடம்பு, அதன்மேல் நான்கு ஜோடி கருப்புக் கொம்பு, கொம்படியில் சிவப்பு. முன்னிரண்டும் மற்றவற்றைவிட நீளம். நடக்கும்போது அவற்றை ஆட்டிக்கொண்டே போகிறது. கடைக்குப் போகிற எண்ணம் அதோடு போய்விட்டது. மருந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சில நாள் கழித்து இலைக்கடியில் ஏதோ மின்னியது. தோடுதான் கழன்று விழுந்து மாட்டிக்கொண்டதோ என்று காதைத் தொட்டுப் பார்த்தேன். கூட்டுப்புழு! தலைகீழாகத் தொங்குகிறது, உடம்பெல்லாம் பொன்னும் வெள்ளியும் கலந்த பளபளப்பு. அதில் உலோகம் எதுவும் கிடையாது. மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்ப, சேர்ந்து கண்ணாடியாகிவிடுகிறது. வண்ணத்துப்பூச்சி வெளியே வந்த பிறகு கூட்டைப் பார்த்தால் பளபளப்பு போய் வெறும் தோல்தான் மிஞ்சியிருக்கும்.

எடுத்த படத்தைக் கணினியில் திறந்தேன். கூட்டின் வளைவில் எங்கள் கிணற்றடி தெரிகிறது, தென்னை தெரிகிறது, கொடியில் காயும் என் புடவை தெரிகிறது, நடுவில் கேமராவோடு குனிந்து நிற்கும் நானும் இருக்கிறேன். எல்லாம் கடுகளவு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தனிக்கதை.

அதைச் சாமி என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் என் மருமகள் சிரிப்பாள். ஆனால் மறுநாள் பூக்கூடையோடு போனவள் பறிக்காமல் நின்றேன். அந்தக் கூடு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. கையில் பட்டியல் இல்லாமல் நான் நின்ற இடம் அதுதான். அதற்கடுத்த நாளும் அப்படியே. கூடு கருத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்த அன்று பதிகத்தை அரளிக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். மனசு பால் கணக்குக்குப் போகவில்லை.

காட்டில் வந்த உணர்வு காட்டால் வந்தது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, இருவாச்சி வருமா வராதா என்று தெரியாமலே அரை நாள் உட்கார்ந்திருந்தீர்கள் பாருங்கள், அதிலிருந்து வந்திருக்கும் என்று படுகிறது. உட்காருவதற்கு வால்பாறை வேண்டாம், அப்பா மதியம் கண்ணயரும் நேரம் போதும். ஒரு செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் அதே செடி. இன்று அரளி, நாளை துளசி என்று அலைந்தால் எதுவும் கண்ணில் படாது. நாலு நாள் வெறும் இலைதான் இருக்கும், அலுப்பாகவும் இருக்கும். பரவாயில்லை, போங்கள்.

சரி, கருவிக்கு வருகிறேன். லென்ஸ் வாங்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்கள் விற்கின்றன. 13, 21, 31 எம்எம் மூன்றும் ஒரு செட்டாக வரும். உங்கள் 50 எம்எம்முக்கும் கேமராவுக்கும் நடுவில் மூன்றையும் மாட்டினால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பூச்சியின் உருவம் அதன் நிஜ அளவைவிடப் பெரிதாக விழும். உள்ளே மின்தொடர்பு ஊசிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்க முடியாது. விலை மலிவான ஊசியில்லாத குழாயை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் அவ்வளவு பெரிதாக்கும்போது தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் ஃபோகஸ் வளையத்தை விட்டுவிட்டு உடம்பையே முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் போதாது. கேமராவில் உள்ள ஃபிளாஷையே போடலாம், முன்னால் டிவி வாங்கும்போது சுற்றி வரும் வெள்ளை நுரைத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ 400இல் ஆரம்பித்துப் பாருங்கள். கூட்டுப்புழு போலப் பளபளப்பதற்கு இந்தத் தாள் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்து மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் பூச்சிகள் உடம்பு சூடாகாமல் மந்தமாக இருக்கும், பக்கத்தில் விடும். சாயங்காலம் துளசிப் பக்கம் பாருங்கள். பகலில் பூவுக்கு வரும் நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் இருட்டும் நேரம் ஏதாவது காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, அப்படியே தொங்கியபடி தூங்கும். பெரும்பாலும் தினமும் அதே குச்சிக்கு வரும். ஃபிளாஷை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பாவம்.

சும்மா ஒரு கேள்வி:

அக்கா, அரளிக் கதை அருமை. நானும் படம் எடுப்பவன்தான், ஓசூரில் குளியலறை விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளோடு சரி. ஆனால் எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதனால் ஒன்று கேட்கிறேன்.

புழுவுக்குள் முட்டையிடும் குளவிகள் இருக்கின்றன. குஞ்சுகள் உள்ளேயிருந்து புழுவை உயிரோடு தின்று வளரும். டார்வின் 1860இல் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குளவிகளைத்தான் காட்டினார். நல்ல மனமும் எல்லா வல்லமையும் உள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். பொன்னாய் மின்னும் கூட்டைப் பார்த்துப் பக்தி வரும் என்றால் இதைப் பார்த்து என்ன வரும்? அழகானதை மட்டும் ஃபிரேமுக்குள் வைத்து 'இயற்கையில் இறைவன்' என்று தலைப்புப் போடுகிறார்களே, அது எனக்கு உறுத்துகிறது. உங்களைச் சொல்லவில்லை.

கொல்லைப்புறம்:

என்னைச் சொன்னாலும் தப்பில்லை தம்பி. கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் வில்வத்தில் ஒரு புழுவைப் பார்த்தேன். வயிற்றுக்கடியில் அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குளவிக் கூடுகள். புழு செத்திருக்கவில்லை, தலையைத் தூக்கியது, ஆனால் தின்னவில்லை, நகரவும் இல்லை. படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.

சிதம்பரத்தில் பிறந்தவளுக்கு இதற்கு ஒரு பாடம் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நடராஜர் ஒரு கையில் உடுக்கை, அது படைப்பு. ஒரு கையில் தீ, அது அழிப்பு. அபயக் கை காக்கிறது, ஊன்றிய கால் மறைக்கிறது, தூக்கிய கால் அருள்கிறது. ஐந்தும் அவன் தொழில். இனிமையானது மட்டும் அவனுடையது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பாடம் பாடமாகத்தான் இருந்தது. அந்தப் புழு தலையைத் தூக்கியபோதுதான் தீ ஏந்திய கையைப் பற்றி முதன்முதலாக யோசித்தேன், வயிற்றைப் பிசைந்தது. டார்வின் கேட்டதற்கு இது பதிலாகுமா என்றால், ஆகாது. அவர் கேட்டது நல்லவனான ஒரு கடவுளைப் பற்றி. நான் கும்பிடுகிறவர் சுடுகாட்டில் ஆடுகிறவர். அதற்காக அந்தப் புழுவின் வலி குறைந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

தலைப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. சூரிய உதயப் படத்தின் மேல் பொன்மொழி எழுதி அனுப்பும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை மௌனமாக்கி வைத்திருக்கிறேன்.

மாடிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ட்யூப் ஆர்டர் போட்டிருக்கிறேன், ஊசியுள்ளதுதான் அக்கா. அது வரும்வரை 18-55ஐ 55இல் வைத்துக்கொண்டு எதிர் மனை எருக்கைப் பிடித்துக்கொண்டேன். அரளியில்தான் ஆரம்பிக்க நினைத்தேன், ஆனால் அப்பாவின் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எருக்கஞ்செடிப் பக்கத்தில் நிற்கும் நான் தெரிவேன், கூப்பிட்டால் கேட்கும்.

புழு கிடைத்துவிட்டது. மஞ்சள், கருப்பு, வெள்ளைப் பட்டை. கொம்பு மூன்று ஜோடிதான் தெரிகிறது, ஒரு ஜோடி ஒடிந்திருக்குமா? டிவியில் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "செருப்பால அடிச்சுப் போடுடா" என்றார். அவர் முழு வாக்கியமாகப் பேசியதே ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பக்தி பற்றி எதுவும் சொல்லத் தெரியவில்லை. விளக்கு வைக்க நேரமாச்சு என்று அப்பா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருகிறேன், அது மட்டும் உண்மை.

இப்போது சிக்கல் என்னவென்றால், மனைக்காரர் ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்யப் போகிறாராம். புழுவை என்ன செய்வது?

தாமிரபரணி நடை:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஜேசிபி வரும் முன்னால் அந்தப் புதரில் ஏதாவது கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சீமைக்கருவேலத்தில் சில்லைக் குருவிகள் கட்டியிருக்கலாம். இருந்தால் மனைக்காரரிடம் பேசிப் பாருங்கள். சிலர் கேட்பார்கள்.

கொல்லைப்புறம்:

ஒடியவில்லை தம்பி. மூன்று ஜோடி என்றால் வெந்தய வரியன், நான்கு என்றால் என் அரளிக்காரர்.

புழு இருக்கும் கிளையோடு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் செருகி வையுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைக்க வேண்டும், இல்லையென்றால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். மேலே ஒரு கொசுவலைத் துணி. எருக்கிலையைத் தவிர வேறு இலை போட்டால் தொடாது, அதனால் ஜேசிபி வந்த பிறகு இலைக்கு எங்கே போவது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கோடியில் எப்படியும் ஒரு எருக்கு இருக்கும். புழு தின்பதை நிறுத்திவிட்டு வலையில் ஏறித் தலைகீழாகத் தொங்கினால் அப்புறம் கிளையை மாற்றாதீர்கள். வெட்டும்போது பால் பீய்ச்சும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டி, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அப்பாவைத் தொட வேண்டும்.